பத்து நாள் தவணை

‘எக்மோ’ என்ற சொல்லைக் கேட்டாலே நம்மில் பலருக்கு நெஞ்சு துணுக்குறுகிறது. 2016-ல் முதலமைச்சர் ஜெயலலிதாவுக்கும், 2020-ல் பாடகர் எஸ். பி. பாலசுப்பிரமணியத்துக்கும் அந்த யந்திரத்தைப் பொருத்திய செய்தியைப் படித்தோம். இருவரும் பிழைக்கவில்லை. ஆகவே அது சாவின் முன்னறிவிப்பு என்றே முடிவு கட்டிவிட்டோம். ஆனால் அதன் சரித்திரம் வேறு கதை சொல்கிறது.

தொடர்கதை எழுதும் என் போன்றவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. சாகக் கிடக்கும் பாத்திரத்தை, ‘தொடரும்’ என்று போட்டு ஒரு வாரம் நிறுத்தி வைக்கலாம். டாக்டர்களுக்கு அந்தச் சலுகை வெகுகாலம் கிட்டவில்லை.

1930-களின் தொடக்கத்தில், பாஸ்டன் நகரில் ஜான் கிப்பன் என்ற இளம் டாக்டர், நுரையீரலின் ரத்தக் குழாய் அடைபட்ட ஒரு பெண்மணியின் அருகில் இரவெல்லாம் காவலிருந்தார். கறுத்த ரத்தத்தை வெளியே எடுத்து, பிராணவாயு ஊட்டி, மறுபடி உள்ளே செலுத்த முடிந்தால்? அந்த அம்மாள் இறந்துபோனாள். எண்ணம் மட்டும் பிழைத்தது. மனைவி மேரியின் துணையோடு பூனைகளை வைத்துப் பரிசோதித்தார். 1953 மே 6-ம் தேதி பிலடெல்பியாவில், 18 வயதுப் பெண்ணின் இருதயத்திலிருந்த ஓட்டையை அவர் அடைத்த 26 நிமிஷமும், யந்திரமே அவளுக்கு இருதயமாகவும் நுரையீரலாகவும் இருந்தது.

ரத்தத்தில் பிராணவாயு நேராகப் பட்டால் சில மணி நேரத்தில் ரத்தம் கெட்டுவிடும். இடையே மெல்லிய சவ்வு ஒன்றை வைத்த பிறகே நிமிஷங்கள் நாட்களாயின. 1971-ல் கலிபோர்னியாவில் டாக்டர் டொனால்ட் ஹில், விபத்தில் அடிபட்ட இளைஞர் ஒருவரை 75 மணி நேரம் இப்படிக் காத்தார்.

நாட்கள் எதற்கு? கடும் கிருமித் தொற்றில் இருதயம் துவண்டுவிடுவதுண்டு. 1984-ல் மார்கரெட் பார்க்கரும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவில் அத்தகைய 20 நோயாளிகளை ஆராய்ந்தார்கள். பிழைத்த 13 பேரில் 10 பேருக்கு முதலில் இருதயம் மிகவும் சோர்ந்திருந்தது; சுமார் பத்து நாளில் அது பழைய வலுவைப் பெற்றது! அது செத்த இருதயமல்ல, களைத்த இருதயம். அந்தப் பத்து நாளைத் தாண்ட வைப்பதே யந்திரத்தின் வேலை.

2020-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், இவ்விதம் இருதயம் துவண்டு யந்திரம் பொருத்தப்பட்ட 82 பேரில் நூற்றுக்கு 60 பேர் மூன்று மாதம் கழித்தும் உயிரோடிருந்தார்கள். பொருத்தப்படாத 130 பேரில் நூற்றுக்கு 25 பேரே. சீட்டுக் குலுக்கிப் பிரித்த பரிசோதனை அல்ல இது. ஆகவே முடிந்த தீர்ப்பாகக் கொள்ளலாகாது. தவணைக்கு வட்டியும் உண்டு. ரத்தம் பெருகலாம், குழாய் செருகிய கால் ரத்தமின்றி அழுகலாம்.

யந்திரம் நோயைத் தீர்ப்பதில்லை. கிருமியை மருந்து வெல்லவேண்டும். இருதயம் தானே மீளவேண்டும். வாசலில் காத்திருக்கும் உறவினர் அப்போது டாக்டரிடம் கேட்கவேண்டிய கேள்வி, “இந்த இருதயம் மீளக் கூடியதா?” என்பதுதான்.