மூலபந்தமும் முந்தானைக்குள் மறைத்த சங்கடமும்



கடலூரில் என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருவர், ஆனித் திருமஞ்சனத்துக்குச் சிதம்பரம் வருவதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. கேட்டால் "முட்டிவலி" என்பார். போன மாதம்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு உண்மையைச் சொன்னார். பேருந்து குலுங்கினால், தும்மினால், சிரித்தால்கூடச் சிறுநீர் கசிகிறதாம். மூன்றாவது பிரசவத்துக்குப் பிறகு வந்தது. வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

அவர் வராமல் நின்றுபோன இந்தத் தில்லைக்கும் அவருடைய தொல்லைக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

அடிவயிற்றின் முன் எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை, ஏணை கட்டியதுபோல் சில தசைகள் இருக்கின்றன. சிறுநீர்ப்பை, மலக்குடல், பெண்களுக்குக் கருப்பை ஆகியவற்றைத் தாங்குவது இந்த இடுப்புத்தளத் தசைகள்தாம். ஆணுக்கும் உண்டு.

திருமூலர் தில்லைக் கூத்தை வணங்கிவிட்டுத் திருவாவடுதுறை சென்றார் என்கிறது பெரியபுராணம். அவருடைய திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் முழுக்க யோகம்தான். மூலத் துவாரத்தை அடைக்கும் முறையும் அதில் வருகிறது. சுமார் 15ஆம் நூற்றாண்டு வடமொழி நூலான ஹடயோகப் பிரதீபிகை, ஆசனவாயைச் சுருக்கி மேலிழுப்பதை மூலபந்தம் என்கிறது. அதனால் மலமும் சிறுநீரும் குறையும், கிழவனும் இளைஞனாவான் என்றும் சொல்கிறது.

உடனே "எல்லாம் நம் முன்னோர் கண்டுபிடித்ததே" என்று மார்தட்ட வேண்டாம். யோகிகளின் நோக்கம் மூச்சை மேலேற்றுவது. பிள்ளை பெற்றவளின் கசிவு அவர்கள் கணக்கில் இல்லை.

அந்தக் கணக்கைப் போட்டவர்களில் முக்கியமானவர் அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கெகல். பிரசவத்துக்குப் பின் தளர்ந்த தசையை அறுவை சிகிச்சை இல்லாமல் பயிற்சியாலேயே வலுப்படுத்தலாம் என்று 1948இல் கட்டுரை எழுதினார். தசை எவ்வளவு அழுத்துகிறது என்று அளக்க ஒரு கருவியும் செய்தார். அதனால்தான் இன்று இதைக் 'கெகல் பயிற்சி' என்கிறோம். புராஸ்டேட் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஆண்களுக்கும் இப்போது இதைச் சொல்லித் தருகிறார்கள்.

செய்முறை எளிது. சிறுநீரையும் வாயுவையும் அடக்குவதுபோல் அந்தத் தசையை உள்ளே, மேலே இழுங்கள். ஐந்து எண்ணும்வரை பிடித்து, அதே அளவு நேரம் தளர்த்துங்கள். மூச்சை அடக்கக் கூடாது. வயிறு, தொடை, பிட்டம் இறுகக் கூடாது. ஒரு வேளைக்கு 8 முறை, நாளுக்கு 3 வேளை. குறைந்தது 3 மாதம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். சிறுநீர் கழிக்கும்போதே நிறுத்தி நிறுத்திப் பழகக் கூடாது. வலி, இரத்தம், சிறுநீர் அடைப்பு இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள். சிலருக்குத் தசை தளராமல் இறுகியே இருக்கும். அவர்களுக்கு இந்தப் பயிற்சி ஒத்துவராது.

யோகி காட்டில் செய்ததை, மருத்துவர் கருவி வைத்து அளந்ததை, நாம் அடுப்படியில் நின்றுகொண்டே செய்யலாம். பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது. குறை அறிவில் இல்லை, நம் வாயில்தான் இருந்தது. முப்பது வருடம் பிள்ளைகளுக்கு உடற்கூறு நடத்திய நானே இந்தப் பாகத்தை வேகமாகத் தாண்டிப் போனவள்தான்.

டீச்சர் இப்போது மருத்துவரைப் பார்த்துவிட்டுப் பயிற்சி செய்துவருகிறார். அடுத்த ஆனிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் வீட்டிலும் 'முட்டிவலி' என்று வெளியே வராமல் யாராவது இருக்கலாம். மெல்லக் கேட்டுப் பாருங்கள்.