குமுட்டி அடுப்பும் லெக்கோவும்: மிஞ்சின தீயின் வரலாறு

போன பொங்கல் லீவுக்கு நெய்வேலிக்குப் போயிருந்தேன். பெங்களூருல பொட்டி தட்டிச் சேர்த்த காசுல ஒரு கரி கிரில்லும் வாங்கிக் கையோட எடுத்துட்டுப் போனேன். 57 செ.மீ. விட்டம், மூடி, மூணு கால், சக்கரம்னு பார்க்கவே ஜம்முனு இருந்துச்சு. "பெருசா இருந்தா எல்லாத்துக்கும் ஆகும்" என்பதுதான் வாங்குறதுக்கு முன்னாடி நான் செஞ்ச மொத்த ஆராய்ச்சி.

காணும் பொங்கல் அன்னைக்குக் குவார்ட்டர்ஸ் பின்பக்கம் பலா மரத்துக்குத் தள்ளி வெச்சு பத்த வெச்சேன். சாப்பிடுறவங்க அஞ்சு பேர். கோழி ஒன்றரைக் கிலோ. கரி மட்டும் மூணு கிலோ போச்சு! சாப்பிட்டு, கை கழுவி, டிவியில பட்டிமன்றம் பாதி ஓடி முடிஞ்ச பிறகும் கிரில்லுல கங்கு செக்கச்செவேல்னு இருக்கு.

பின்வாசப்படியில உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கிட்டிருந்த எங்க ஆயா (அப்பாவோட அம்மா, வயசு எழுபத்தெட்டு) ஒரே வரியில விமர்சனம் எழுதிட்டாங்க.

"ஏன்டா தம்பி, அஞ்சு பேருக்குப் போயி ஓட்டல் அடுப்ப வாங்கியாந்திருக்க? தீ மிஞ்சுது பாரு. மிஞ்சின தீ ஆகாதுடா."

சிரிச்சுட்டேன். ஆனா அதுக்கப்புறம் அவங்க சொன்ன கதையைக் கேட்டதும் சிரிப்பு போயிடுச்சு. அதைச் சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு. நெய்வேலிக்காரனுக்கே பாதி தெரியாத வரலாறு, அதனால பொறுமையா வாங்க.

நெய்வேலின்னா எல்லாருக்கும் கரண்ட்தான் ஞாபகம் வரும். 1930கள்ல ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்துல கிணத்துக்குத் தோண்டும்போது கறுப்பா ஏதோ வந்ததுல ஆரம்பிச்சு, 1956 நவம்பர்ல நிறுவனம் உருவாகி, 1957 மே மாசம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வெச்சு, 1961ல நிலக்கரி கண்ணுல பட்டு, 1962ல அனல் மின் நிலையத்தோட முதல் யூனிட் ஓடினது வரைக்கும் பள்ளிக்கூடத்துலயே மனப்பாடம் பண்ணியிருக்கோம். ஆனா போட்ட திட்டம் கரண்ட்டோட நிக்கல. சுரங்கம், மின்சாரம், யூரியா உரம், நாலாவதா வீட்டு அடுப்புக்கு எரிபொருள். அந்த நாலாவதுதான் லெக்கோ.

ஏன் அப்படி ஒரு யோசனை? அன்னைக்கு மெட்ராஸ் மாநிலத்துல நல்ல நிலக்கரி கிடையாது. சிங்கரேணியிலிருந்தோ வங்காளம், பீகார் பக்கமிருந்தோ ரயில்ல வரணும். வீடுகள்ல எரிஞ்சதெல்லாம் விறகு, வரட்டி, மரக்கரி. அதாவது நம்ம ஊர்ச் சோறு காட்டை எரிச்சுத்தான் வெந்துக்கிட்டிருந்தது. நெய்வேலி மண்ணுக்கடியில கோடிக்கணக்கான டன் கிடக்குதே, அதை அடுப்புக்குக் கொண்டுவந்தா என்னன்னு யோசிச்சிருக்காங்க.

ஆனா லிக்னைட்டை அப்படியே அடுப்புல போட முடியாது. தோண்டி எடுக்கும்போது அதுல ஏறக்குறைய பாதி தண்ணி. எரிச்சா புகை வீட்டை விட்டே துரத்தும். அதனால அதை நொறுக்கி, உலர்த்தி, அழுத்திக் கட்டிகளாக்கி, அப்புறம் காத்து அதிகம் படாம சூடேத்துவாங்க. தாரும் வாயுவும் பிரிஞ்சு போய், மிஞ்சுறது கிட்டத்தட்ட கார்பன். லிக்னைட்டும் கோக்கும் சேர்ந்த பேர்தான் லெக்கோ. 1960களின் நடுவுல இதுக்கான தொழிற்சாலை ஓட ஆரம்பிச்சது. ஆண்டுக்கு 3 லட்சம் டன்னுக்கு மேல கட்டி தயாரிக்கணும்னு திட்டம். ஒரு கிலோ லெக்கோவுக்குப் பல கிலோ பச்சை லிக்னைட் போகும்ங்கிறதையும் ஞாபகம் வெச்சுக்குங்க.

இந்த மாதிரி 'தொழிற்சாலை செஞ்ச கரி' நமக்கு மட்டும் சொந்தமில்லை. 1920கள்ல ஹென்றி ஃபோர்டு, கார் பாகங்களுக்கு அறுத்த மரத்துல மிஞ்சின துண்டையும் தூளையும் கரியாக்கிக் கட்டி பிடிச்சு வித்தார். அப்புறம் கரி போகணும்னு ஃபோர்டு கார் கடையிலேயே பிக்னிக் அடுப்பும் சேர்த்து வித்தாங்க. அங்க கரி முதல்ல வந்தது, அதுக்கேத்த அடுப்பு பின்னால வந்தது. நான் வாங்கின உருண்டை கிரில் 1952ல வந்தது. அமெரிக்காவுல உலோக வேலை செய்யுற கம்பெனியில இருந்த ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், கடல்ல மிதக்க விடுற இரும்பு மிதவையை ரெண்டா வெட்டி, ஒரு பாதியை அடுப்பாவும் இன்னொரு பாதியை மூடியாவும் ஆக்கினார். பெரிய தோட்டம், ஞாயித்துக்கிழமை விருந்தாளிங்க, பெரிய பெரிய இறைச்சித் துண்டுன்னு அவங்க வாழ்க்கைக்கு ஏத்த அளவு அது.

நம்ம ஊர்ல லெக்கோ வந்துச்சு. ஆனா லெக்கோவோட அடுப்பு வரல. ஜனங்க ஏற்கெனவே மரக்கரிக்கு வெச்சிருந்த குமுட்டி அடுப்புலயே அதைப் போட்டாங்க. அங்கதான் ஆயாவோட கதை.

ஆயா 1966ல கல்யாணமாகி விருத்தாசலம் பக்கத்துக் கிராமத்துலேருந்து நெய்வேலிக்கு வந்தவங்க. தாத்தாவுக்குச் சுரங்கத்துல வேலை. பிறந்த வீட்டுல விறகடுப்பு ஊதி ஊதிக் கண்ணு எரிஞ்சவங்களுக்கு லெக்கோ ஒரு வரம். புகை இல்ல, பாத்திரத்துல கரி பிடிக்காது. ஒரே குறை, லேசுல பத்தாது. கொட்டாங்குச்சி, வரட்டி வெச்சு, மேல கட்டியை அடுக்கி, விசிறியால விசிறணும். பத்திடுச்சுன்னா லேசுல அணையாது. மரக்கரி பொக்கு, சீக்கிரம் சாம்பலாகும். லெக்கோ அழுத்திச் செஞ்சது, நின்னு எரியும்.

கல்யாணச் சீரா வந்தது பெரிய இரும்புக் குமுட்டி. கூட்டுக் குடும்பத்துக்கு வாங்கினது. நெய்வேலியில இருந்ததோ ரெண்டு பேரும் ஒரு கைக்குழந்தையும்.

"ஒரு ஐப்பசி. மழன்னா மழ. ஒங்க தாத்தா நைட் ஷிப்ட்டுக்குப் போயிட்டாரு. சோறாக்கி முடிச்சும் அடுப்புல பாதிக் கங்கு கெடக்கு. வெளிய வெச்சா நனைஞ்சிடும், வீணாயிடுமேன்னு உள்ள எடுத்தாந்து வெச்சிக் கதவச் சாத்திட்டேன். ஒங்கப்பனுக்கும் குளிருக்கு எதமா இருக்கும்னு நெனச்சேன். புகைதான் இல்லியே!"

விடியக்காலம் தாத்தா வந்து கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துட்டு, பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிட்டுக் கதவை இடிச்சுத் திறந்திருக்கார். ஆயா நினைவில்லாம கிடந்தாங்க. எங்கப்பா அழக்கூடத் தெம்பில்லாம கிடந்திருக்கார். வெளியில தூக்கிட்டு வந்து காத்துப்பட வெச்சு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடி, ரெண்டு பேரும் பிழைச்சாங்க. கதவு திறக்க இன்னும் கொஞ்ச நேரமாகியிருந்தா இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

நடந்தது கார்பன் மோனாக்சைடு. கனன்றுகிட்டிருக்கிற கரிக்குப் போதுமான காத்து கிடைக்கலன்னா அந்த வாயு வரும். நிறமில்ல, வாசனையில்ல. ரத்தத்துல ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்துல போய் உட்கார்ந்துக்கும். விறகடுப்பா இருந்திருந்தா, தூங்குறதுக்கு முன்னாடியே புகை இருமவெச்சு எச்சரிச்சிருக்கலாம். லெக்கோவோட பெருமையான 'புகை இல்ல' என்பதுதான் அன்னைக்கு எமனா வந்தது.

அடுத்த சந்தையிலேயே ஆயா ஒரு சின்னக் குமுட்டி வாங்கிட்டாங்க. அப்ப அவங்க வெச்ச கணக்கு இன்னைக்கும் மாறல. மூணு பேருக்கு ஒரு சாண் வாய். அதுக்கு மேல ரெண்டு ரெண்டு பேருக்கு நாலு விரக்கடை. அஞ்சு பேருன்னா சுமார் ஒரு அடி, அதாவது 30 செ.மீ. "சோறு எறங்கறப்ப தீயும் எறங்கணும். அதான் அளவு" அப்படிங்கிறது ஆயா சூத்திரம்.

இஞ்சினியரிங் படிச்ச நான் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடையில ரெண்டு அளவு இருந்துச்சு, 37 செ.மீ., 57 செ.மீ. என் கண்ணுக்கு ஒன்றரை மடங்குதான் பெருசு. ஆனா கரி நிரப்புறது விட்டத்தை இல்லியே, பரப்பை! 37க்குச் சுமார் 1,075 சதுர செ.மீ., 57க்குச் சுமார் 2,550. கிட்டத்தட்ட 2.4 மடங்கு கரி. விட்டத்தைப் பார்த்து வாங்கி, பரப்புக்குக் காசு குடுத்திருக்கேன். எட்டாங்கிளாஸ் கணக்கு, காலேஜ் முடிச்சவனுக்கு உறைக்கல :)

ரொம்பச் சின்னதும் ஆகாது. ஒத்தைக் கங்கு தனியா இருந்தா அணைஞ்சிடும், நாலு சேர்ந்தாத்தான் ஒண்ணை ஒண்ணு சூடா வெச்சிருக்கும். கென்யாவுல 1980களின் தொடக்கத்துல வந்த ஜிக்கோ அடுப்பு இதைத்தான் அழகாப் பண்ணுச்சு. வெளியில தகரம், உள்ள சுட்ட மண், நடுவுல ஒடுங்கின இடுப்பு. கரி கொஞ்சமாப் போட்டாலும் நெருக்கமா நிக்கும், சூடு பக்கவாட்டுல ஓடாது. ஆளுக்கேத்த அளவும் கரிக்கேத்த வடிவமும் சேர்ந்து யோசிச்ச அடுப்பு. லெக்கோவுக்கும் அப்படி ஒண்ணை யோசிச்சு, கட்டியோட சேர்த்து வீட்டுக்கு வீடு குடுத்திருந்தா எப்படி இருந்திருக்கும்னு நினைக்காம இருக்க முடியல.

பெரிய அடுப்பே தப்புன்னு சொல்லல. எங்க ஊருக்குப் பக்கத்துல வடலூர். 1867 மே 23ல வள்ளலார் தருமசாலை தொடங்கி மூட்டின அடுப்பு இன்னும் அணையல. நீளம் 21 அடி. எத்தனை பேர் பசியோட வருவாங்கன்னு கணக்கு இல்லாத இடத்துல தீ அணையவே கூடாது. அங்க அதுதான் சரியான அளவு. அஞ்சு பேர் சாப்பிடுற வீட்டுல சாப்பாட்டோட அணையணும். இங்க இதுதான் சரியான அளவு. தீயோட அளவைப் பசிதான் சொல்லணும், கடைக்காரர் இல்ல.

லெக்கோ கதையும் முடிஞ்சுபோச்சு. மண்ணெண்ணெய் ஸ்டவ், அப்புறம் கேஸ்னு வீடுங்க மாற மாற, 2000களின் தொடக்கத்துல அந்தத் தொழிற்சாலை நின்னுடுச்சு. 2007ல தமிழக அரசு இலவச கேஸ் அடுப்பு திட்டம் கொண்டுவந்தப்ப லெக்கோங்கிற பேரே புதுத் தலைமுறைக்குத் தெரியாது. 1962ல ஓட ஆரம்பிச்ச முதல் அனல் மின் நிலையமும் 2020ல மூடியாச்சு. மத்த நிலையங்கள் ஓடுது. அம்மா இண்டக்‌ஷன் அடுப்புல பால் காய்ச்சும்போது எரியுறதும் ஒருவகையில அதே லிக்னைட்தான். என்ன, அந்தத் தீ வீட்டுக்குள்ள மிஞ்சாது. சுவிட்சைத் தட்டினா போயிடும்.

கிரில் வாங்கப் போறவங்களுக்கு என் பங்குக்கு மூணு வரி. விருந்தாளியைக் கணக்குல எடுக்காதீங்க, தினம் சாப்பிடுற ஆளைக் கணக்குல எடுங்க. சந்தேகம் வந்தா சின்னதை வாங்கி ரெண்டு ஈடாப் போடுங்க. மழையோ குளிரோ, கங்கு இருக்கிற அடுப்பை வீட்டுக்குள்ளயோ மூடின பால்கனிக்குள்ளயோ கொண்டு வராதீங்க. மிஞ்சிடுச்சுன்னா மூடி போட்டுக் காத்தை அடைச்சு, வெளியிலேயே ஆறவிடுங்க.

ஊருக்குக் கிளம்புறதுக்கு முந்தின நாள் ஆயாவோட கணக்குப்படி ஒரு அடி வாய் இருக்கிற இரும்புக் குமுட்டி ஒண்ணு வாங்கி, மேல கம்பி வலை போட்டேன். மறுபடியும் அஞ்சு பேர், ஒன்றரைக் கிலோ கோழி. ரெண்டு ஈடு. கரி ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. கடைசித் துண்டை எடுக்கும்போது கங்கு வெளுத்துச் சாம்பலாகிக்கிட்டிருந்தது. ஆயா எட்டிப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லல. இன்னொரு துண்டு மட்டும் கேட்டாங்க.

அந்த 57 செ.மீ.? நெய்வேலியிலதான் இருக்கு. அம்மா மண்ணைக் கொட்டிக் கொத்தமல்லி போட்டிருக்காங்க. அதுக்கு அளவு கச்சிதமா இருக்காம்.