வட சென்னையில் முதியோரைத் தேடி வந்த உதவிகள்

இராயபுரம் முதல் எண்ணூர் வரை நீளும் வட சென்னை, துறைமுகத்தையும் மீன்பிடித் தொழிலையும் ஆலைகளையும் நம்பி வளர்ந்த பகுதி. மூட்டை சுமந்தும் வலை இழுத்தும் தினக்கூலியில் வாழ்ந்தவர்களுக்கு முதுமையில் ஓய்வூதியம் இல்லை. சொந்த வீட்டிலேயே அவர்கள் காலம் தள்ளுவதற்கான அரசு உதவிகள் மிகவும் பிந்தியே வந்தன.

இப்பகுதியின் பழைய ஏற்பாடு மணியக்காரர் சத்திரம். ஹைதர் அலியுடனான போரை ஒட்டி வந்த பஞ்சத்தில், 1782-இல் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம் அது. 'மணியக்காரர்' என்பதை ஆங்கிலேயர் 'மொனேகர்' ஆக்கிவிட்டனர். அதையொட்டி எழுந்த மருத்துவமனையே இன்றைய ஸ்டான்லி. 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்றால்தான் இங்குள்ள பழைய ஆட்களுக்குப் புரியும். சத்திரம் ஆதரவற்ற முதியோருக்கு இடம் கொடுத்தது. ஆனால் அதைப் பெற வீட்டை விட்டு வர வேண்டும்.

அந்த முறையை மாற்றியது முதியோர் உதவித்தொகை. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1962 ஏப்ரல் 1 அன்று மாதம் 20 ரூபாயுடன் அது தொடங்கியது. பணத்தை மணியார்டராகத் தபால்காரர் வீட்டுக்கே கொண்டுவந்தார். தொகை சிறிதுதான். எனினும் மாதம் ஒருமுறை ஒருவர் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டது, தனியாக இருந்தவர்களுக்குப் பணத்துக்குக் குறையாத உதவி. பின்னர் வங்கிக் கணக்கும் கைரேகை இயந்திரமும் வந்தன. உழைத்துத் தேய்ந்த விரல்களின் ரேகையை இயந்திரம் ஏற்காமல் போவது புதுத் தொல்லையாயிற்று. உதவித்தொகை 2011-இல் 1,000 ரூபாயாகவும் 2023-இல் 1,200 ரூபாயாகவும் உயர்ந்தது.

பணத்துக்கு அடுத்து வாசலுக்கு வந்தது மருந்து. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நீரிழிவு, இரத்தக் கொதிப்பு மாத்திரைகள் வீட்டிலேயே தரப்படுகின்றன. இயன்முறை சிகிச்சையும் உண்டு. மாத்திரைக்காக மாதந்தோறும் மருத்துவமனை வரிசையில் நின்றவர்களுக்கு இது பெரிய விடுதலை.

அரிசி வர இன்னும் நான்காண்டுகள் ஆயின. மின்தூக்கி இல்லாத வாரியக் குடியிருப்பின் மூன்றாம் மாடிக்கு அரிசிப் பையைத் தூக்கிச் செல்வது எழுபது வயதில் எளிதல்ல. 2025 ஆகஸ்ட் 12 அன்று முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் தண்டையார்பேட்டையில் 'தாயுமானவர்' திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ரேஷன் கடை ஊழியர்கள் மின்னணுத் தராசும் விற்பனை இயந்திரமும் ஏற்றிய வண்டியில் வந்து, வாசலிலேயே எடை போட்டுக் கொடுக்கிறார்கள். மாநிலம் முழுவதும் 20 லட்சத்துக்கும் அதிகமான முதியோருக்கானது இது. வர இயலாத தாய்க்குப் பதிலாகத் தானே தாயாக வந்த திருச்சி மலைக்கோட்டை இறைவனின் பெயர் இதற்குப் பொருத்தமானதே.

சமைத்த உணவு மட்டும் இந்த வரிசையில் இன்னும் சேரவில்லை. 2013-இல் தொடங்கிய அம்மா உணவகங்களில் 1 ரூபாய்க்கு இட்லி கிடைக்கிறது. அடுப்பு மூட்ட முடியாத முதியவர் அதற்கு மாடிப்படி இறங்கித்தான் போக வேண்டும்.