சிவப்பு ஆயிலும் திமிங்கலமும்: லாரி கியர்பாக்ஸின் ஒரு பழைய கதை

குன்னம் பக்கம் லாரி வெச்சிருக்கிறவங்க கிட்ட "ஏ.டி.எஃப்" எதுக்குன்னு கேட்டா, பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "பவர் ஸ்டியரிங் ஆயில்." தப்பு சொல்ல முடியாது. நம்ம ஊர் லாரிகள் பலவற்றில் அந்தச் சிவப்பு ஆயில் ஊற்றப்படும் இடம் அதுதான். ஆனால் பெயரை விரித்துப் பார்த்தால் "ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஃப்ளூயிட்" என்று வருகிறது. தானியங்கி கியர்பாக்ஸுக்காகப் பிறந்த ஆயில். ஸ்டியரிங் வேலை அதற்குப் பின்னால் கிடைத்த உபரி வேலை.

வேறு வேலைக்குப் பிறந்த ஆயில் நம்ம லாரிக்குள் எப்படி வந்தது, ஏன் இத்தனை பெயர்களில் விற்கிறது என்று தேட ஆரம்பித்தேன். கதை கப்பலுக்குப் போய், அங்கிருந்து திமிங்கலத்தில் போய் நின்றது. அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே கோர்த்திருக்கிறேன்.

முதலில் கப்பல். ஜெர்மனியில் ஹெர்மன் ஃபட்டிங்கர் என்ற பொறியாளர் கப்பல் கட்டும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார். நீராவி டர்பைன் ரொம்ப வேகமாகச் சுழலும், கப்பலின் விசிறியோ மெதுவாகச் சுழல வேண்டும். இரண்டையும் எப்படி இணைப்பது? பல்சக்கரம் இல்லாமல் திரவத்தை வைத்தே விசையைக் கடத்தலாம் என்று 1905-ல் அவர் காப்புரிமை பெற்றார். புரிந்துகொள்வது சுலபம். இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்று பட்டு மற்றதும் சுற்ற ஆரம்பிக்கும். காற்றுக்குப் பதில் எண்ணெய், இரண்டும் ஒரே மூடிய கூட்டுக்குள். இன்றைய "டார்க் கன்வெர்ட்டர்" இந்த யோசனையின் வாரிசு.

அது சாலைக்கு வரப் பல ஆண்டுகள் ஆனது. 1939-ல் ஜெனரல் மோட்டார்ஸ் "ஹைட்ராமேட்டிக்" என்ற தானியங்கி கியர்பாக்ஸை அறிவித்தது. 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் அது வந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் இலகுரக டாங்கிகளுக்குள் புகுந்தது. கொரியப் போர் காலத்தில் அமெரிக்க ராணுவத்தின் இரண்டரை டன் ஜிஎம்சி லாரிகளிலும் ஏறியது. புதிதாகச் சேர்ந்த சிப்பாய்க்கு கிளட்ச் மிதிக்கக் கற்றுக்கொடுக்கும் நேரம் மிச்சம்.

இங்கேதான் ஆயிலுக்குத் தலைவலி தொடங்குகிறது. சாதாரண கியர்பாக்ஸில் கெட்டியான கியர் ஆயில் போதும், பல்லுக்குப் பல் தேய்மானம் வராமல் பார்த்துக்கொண்டால் சரி. தானியங்கியில் அதே ஆயில் எஞ்சினின் விசையைச் சுமக்கணும், வால்வுகளை அழுத்தித் திறக்கணும், சூட்டை வெளியே கொண்டுபோகணும், பல்சக்கரத்தைக் காப்பாத்தணும். இதெல்லாம் போக, உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள் எண்ணெயில் நனைந்தபடியே ஒன்றை ஒன்று பிடிக்கணும். அதிகம் வழுக்கினால் தட்டு எரியும். அதிகம் பிடித்தால் கியர் விழும்போதெல்லாம் வண்டி குலுங்கும். வழுக்கவும் வேண்டும், வழுக்கவும் கூடாது!

இதற்கென்றே ஜெனரல் மோட்டார்ஸ் 1949-ல் "டைப் ஏ" என்ற தரத்தை வகுத்தது. 1957-ல் அதற்கு ஒரு திருத்தம், 1967-ல் "டெக்ஸ்ரான்". இந்தக் காலத்து ஆயில்களில் வழுக்கலையும் பிடிப்பையும் சமன் செய்த சரக்குகளில் முக்கியமானது ஸ்பெர்ம் திமிங்கலத்தின் தலையிலிருந்தும் உடல் கொழுப்பிலிருந்தும் எடுத்த எண்ணெய்.

ஆமாம், திமிங்கலம்தான். அம்பர்கிரிஸ் கடத்தியவர்கள் கைது என்று நம்ம ஊர் செய்தித்தாளில் அடிக்கடி வருகிறதே, அந்த அம்பர்கிரிஸைத் தருவதும் இதே ஸ்பெர்ம் திமிங்கலம்தான். இதன் எண்ணெய் நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் மாதிரியான கொழுப்பு அல்ல. வேதியியல்படி பெரும்பகுதி திரவ மெழுகு. சூட்டிலும் அழுத்தத்திலும் சட்டென்று கெடாது, உலோகத்தின் மேல் படலமாக ஒட்டி நிற்கும். அதற்கு முந்தைய நூற்றாண்டில் விளக்கெரிக்கவும் இயந்திரங்களுக்குப் போடவும் வேட்டையாடினார்கள். மண்ணெண்ணெய் வந்து விளக்கிலிருந்து திமிங்கலத்தை விடுவித்தது. கியர்பாக்ஸ் வந்து திரும்பப் பிடித்துக்கொண்டது.

1970-ல் அமெரிக்கா ஸ்பெர்ம் திமிங்கலத்தை அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. அதோடு அந்த எண்ணெயின் இறக்குமதிக்கும் கதவு மூடியது. ஆயில் நிறுவனங்கள் அவசரமாக மாற்றுச் சரக்கைத் தேடின. 1970-களின் தொடக்கத்தில் வந்த புதிய கலவைகளில் சில, ஆயிலைக் குளிரவைக்கும் கூலரின் உலோக இணைப்புகளை அரித்தன. அந்தக் கூலர் பல வண்டிகளில் ரேடியேட்டருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். இணைப்பு ஓட்டையானால் ரேடியேட்டர் தண்ணி கியர்பாக்ஸுக்குள் போகும், கிளட்ச் தட்டின் பசை கரையும், கதை முடிந்தது. அரிப்பைத் தடுக்கும் சரக்குகளைச் சேர்த்து டெக்ஸ்ரான் இரண்டை மறுபடி திருத்தினார்கள். ஹொஹோபா என்ற பாலைவனச் செடியின் விதை எண்ணெயும் திரவ மெழுகுதான் என்பதால் அதன் மீது உலகத்தின் கண் விழுந்ததும் இதே காலத்தில்தான்.

திமிங்கலத்தைக் காப்பாற்றியது சரியான முடிவு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மாற்றுக் கலவை தேறுவதற்குள் வந்த செலவு, சட்டம் போட்டவருக்கோ ஆயில் விற்றவருக்கோ மட்டும் போகவில்லை. வண்டி வைத்திருந்தவர் தலையிலும் விழுந்தது. கியர்பாக்ஸைப் பிரித்த மெக்கானிக் உள்ளே பார்த்தது எரிந்த தட்டை. டப்பாவுக்குள் என்ன மாறியது என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

அதனால்தான் டப்பா மேல் இருக்கும் பெயர் முக்கியம் என்கிறேன். ஃபோர்டு நிறுவனம் தன் "டைப் எஃப்" ஆயிலை வழுக்கல் சரக்கு இல்லாமல், நன்றாகப் பிடிக்கும்படி வைத்திருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நேர் எதிர். இரண்டும் ஒரே சிவப்பு! அந்த நிறம் வெறும் சாயம். கீழே ஒழுகினால் எஞ்சின் ஆயிலா, இதுவா என்று கண்டுபிடிக்கப் போட்டது. தரத்துக்கும் நிறத்துக்கும் சம்பந்தமில்லை.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். அரியலூர், பெரம்பலூர் சுண்ணாம்புக்கல் வட்டாரம். சிமெண்ட் ஆலைகளும் டிப்பர்களும் நிறைந்தது. உலகெங்கும் பெரிய சுரங்க டம்பர்களில் டார்க் கன்வெர்ட்டர் பல காலமாகவே உண்டு. கனரக வண்டிகளுக்கான தானியங்கி கியர்பாக்ஸ் செய்யும் ஆலிசன் நிறுவனம் 2010-ல் சென்னை அருகே ஒரகடத்தில் ஆலை திறந்தது. "ஏ.எம்.டி" லாரிகளும் வந்துவிட்டன. ஆனால் அது வேறு சாதி. உள்ளே வழக்கமான பல்சக்கரப் பெட்டிதான், கிளட்சையும் கியரையும் மட்டும் இயந்திரம் மாற்றும். அதற்குப் பெரும்பாலும் கியர் ஆயில்தான். கிளட்ச் பெடல் இல்லை என்பதற்காகச் சிவப்பு ஆயிலை ஊற்றிவிடக் கூடாது.

உண்மையான தானியங்கிப் பெட்டியில் ஆயில் மாற்றும் முறைகளுக்கும் இந்த வரலாற்றில் காரணம் இருக்கிறது.

ஒன்று, அடியில் போல்ட்டைக் கழற்றினால் எல்லா ஆயிலும் வராது. கணிசமான பகுதி டார்க் கன்வெர்ட்டருக்குள்ளேயே நின்றுவிடும். எனவே மொத்தக் கொள்ளளவைப் பார்த்து ஊற்றினால் வழிந்துவிடும். வடிந்ததை அளந்து, அதற்குச் சற்றுக் குறைவாக ஊற்றி, பிறகு அளவு பார்த்துச் சேர்க்கணும். ஃபில்டரை மாற்றி, தட்டில் இருக்கும் காந்தத்தில் ஒட்டிய இரும்புத்தூளைத் துடைக்கவும் மறக்கக் கூடாது.

இரண்டு, சூடானால் ஆயில் விரியும். அதனால் பெரும்பாலான வண்டிகளில் சமதளத்தில் நிறுத்தி, ஆயில் வேலைச் சூட்டுக்கு வந்தபின், எஞ்சின் ஓடும்போதே அளவு பார்க்கச் சொல்வார்கள். வண்டியோடு வரும் கையேடு சொல்வதே இறுதி. குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், தட்டு வழுக்கும். கூடினாலும் ஆபத்துதான். சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரையால் அழுத்தம் கொடுக்க முடியாது.

மூன்று, முகர்ந்து பாருங்கள். கருத்து, தீய்ந்த வாடை அடித்தால் தட்டு எரிகிறது. ரோஸ் மில்க் நிறத்தில் இருந்தால் தண்ணி கலந்திருக்கிறது, கூலரைப் பாருங்கள்.

நான்கு, வெயில். சுமார் 80 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது பட்டறைகளில் புழங்கும் பழைய கணக்கு. சித்திரை வெயிலில் கல் ஏற்றிக்கொண்டு மேடேறும் வண்டிக்கு, குளிர்நாட்டுக் கெடு பொருந்தாது. "ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்" என்ற பேச்சை நம்பி கியர்பாக்ஸை இழந்தால், மாதத் தவணை நின்று வேடிக்கை பார்க்காது.

வடித்த பழைய ஆயிலைப் பள்ளத்தில் கொட்டும் வழக்கம் மட்டும் வேண்டாம். கிணற்றையும் ஏரியையும் நம்பியிருக்கிற மானாவாரி ஊர் இது. டப்பாவில் பிடித்து, பழைய ஆயில் எடுக்கும் அனுமதி பெற்றவர்களிடம் கொடுங்கள்.

குன்னத்தில் 2020-ல் உருண்டை உருண்டையாகக் கிடைத்தவற்றை டைனோசர் முட்டை என்று பரப்பினார்கள், நினைவிருக்கலாம். அவை அம்மோனைட் எனும் கடலுயிரி சார்ந்த படிவங்கள் என்று விளக்கம் வந்தது. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல். திமிங்கலம் அப்போது உலகிலேயே தோன்றியிருக்கவில்லை. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்பைத்தான் நம் லாரிகள் சுமக்கின்றன. அடுத்த முறை சிவப்பு ஆயில் வாங்கும்போது, நிறத்தைப் பார்க்காமல் டப்பாவில் எழுதியிருக்கும் தரத்தைக் கையேட்டோடு ஒப்பிட்டு வாங்குங்கள். உங்கள் பட்டறையில் பழைய "டைப் ஏ" டப்பா ஏதாவது கிடந்தால் தூக்கிப் போடாமல் எனக்குச் சொல்லுங்கள், பார்க்க ஆசை.