பெர்லினில் ஒரு சிவப்பு வெள்ளைக் கயிறு

மார்ச் 8ஆம் தேதி பெர்லின் நகரத்தில் அரசு விடுமுறை. மகளிர் தினத்துக்கு விடுமுறை விடும் வழக்கம் அங்கே 2019இல் தொடங்கியது. 2023இல் மகள் வீட்டில் போய்த் தங்கியிருந்தபோதுதான் எனக்கு இந்த விஷயமே தெரியும். கடைகள் எல்லாம் மூடியிருந்தன. குளிர் வேறு. ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, பொழுதை எப்படி ஓட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மகள் வந்து, "அப்பா, கீழ்வீட்டு அம்மா கூப்பிட்டிருக்காங்க. ருமேனியாக்காரங்க எல்லாரும் சேர்ந்து இன்னிக்கு விழா வெச்சிருக்காங்களாம். நீங்களும் அம்மாவும் கிளம்புங்க" என்றாள்.

கீழ்வீட்டு அம்மாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். ருமேனியாவிலிருந்து வந்தவர். தனியாக வாழும் முதியவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. மார்ச் முதல் தேதி காலையில் கதவைத் தட்டி, என் மனைவியின் கையில் ஒரு சிறு கயிறு கொடுத்தார். சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூல். 'மர்ட்சிஷோர்' என்று பெயர். குளிர்காலம் போய் வசந்தம் வருவதற்கு அடையாளமாக, அன்று பெண்களுக்கு இதைக் கொடுப்பார்கள். சட்டையில் குத்திக்கொள்வார்கள், அல்லது காப்புக் கயிறு மாதிரி மணிக்கட்டில் கட்டிக்கொள்வார்கள். மாதக் கடைசியில் அவிழ்த்து ஏதாவது மரக்கிளையில் கட்டிவிடுவார்கள். 2017இல் யுனெஸ்கோ இந்த வழக்கத்தை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. என் மனைவி மறு கேள்வி கேட்காமல் கையில் கட்டிக்கொண்டாள். கயிறு கட்டிக்கொள்ள நம் பெண்களுக்குச் சொல்லியா தர வேண்டும்!

விழா நடந்தது ஒரு சாதாரண சமூகக்கூடத்தில். எழுபது எண்பது பேர் இருந்திருப்பார்கள். பல பெண்கள் பூவேலை செய்த வெள்ளை மேல்சட்டை அணிந்திருந்தார்கள். அவர்களுக்கு அப்போது ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம். அதனால் சாப்பாட்டில் மாமிசம் இல்லை. முட்டைக்கோஸ் இலையில் அரிசியும் காளானும் வைத்துச் சுருட்டிய 'சர்மாலே', மக்காச்சோள மாவில் கிண்டிய 'மமலிகா'. இது நம் ஊர்க் களியேதான். சைவக்காரனான நான் பயந்துகொண்டே போனேன், வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஆனால் நான் எழுத வந்தது சாப்பாட்டைப் பற்றி அல்ல. கூடத்தின் ஒரு பக்கச் சுவரில், சாதனை படைத்த ருமேனியப் பெண்களின் படங்களை வரிசையாக ஒட்டியிருந்தார்கள். அதில் ஒரு படத்தின் முன்னால்தான் நான் வெகுநேரம் நின்றேன். கீழே 'எலிசா லியோனிடா சாம்ஃபிரெஸ்கு, பொறியாளர்' என்று எழுதியிருந்தது. முப்பத்து நான்கு வருஷம் பொறியாளராக வேலை பார்த்தவன் நான். இந்தப் பெயரை அதுவரை கேள்விப்பட்டதில்லை.

எலிசா 1887இல் கலாட்ஸ் என்ற டான்யூப் நதிக்கரை நகரத்தில் பிறந்தவர். பெரிய குடும்பம், எல்லோரும் கெட்டிக்காரர்கள். அண்ணன் திமித்ரி லியோனிடா மின்சாரப் பொறியாளர். புக்கரெஸ்டில் உள்ள தொழில்நுட்ப அருங்காட்சியகம் அவர் தொடங்கியது, இன்று அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. ஒரு சகோதரி கண் மருத்துவர். தம்பி கியோர்கே சிற்பி. ரியோ டி ஜெனிரோவில் மலை உச்சியில் கைகளை விரித்து நிற்கும் ஏசுநாதர் சிலை இருக்கிறதல்லவா, அதன் முகத்தை வடித்தவர் இந்தத் தம்பிதான்.

எலிசாவுக்கு அண்ணனைப் போல இன்ஜினியர் ஆக வேண்டும் என்று ஆசை. புக்கரெஸ்டில் அப்போது பாலங்கள், சாலைகளுக்கான பொறியியல் பள்ளி என்று ஒன்று இருந்தது. விண்ணப்பித்தார். பெண் என்பதால் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மதிப்பெண் போதவில்லை, பணம் கட்டவில்லை என்றெல்லாம் இல்லை. பெண், அவ்வளவுதான் காரணம். அண்ணன் படித்த இடம் பெர்லினின் சார்லோட்டன்பர்க் பகுதியில் இருந்த அரச தொழில்நுட்பக் கல்லூரி. பிரஷ்யாவில் தொழில்நுட்பக் கல்லூரிகளின் கதவு பெண்களுக்கு முறைப்படி திறந்தது 1909இல். அதே ஆண்டு எலிசா அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார்.

கதவு திறந்துவிட்டது என்பதற்காக வா அம்மா என்று யாரும் வரவேற்கவில்லை. பெண்ணுக்கு உரிய இடம் மாதா கோயில், குழந்தைகள், அடுப்படி என்று அங்கிருந்த பெரியவர் ஒருவரே முகத்துக்கு நேராகச் சொன்னதாக ஒரு கதை உண்டு. ஜெர்மன் மொழியில் இந்த மூன்று சொற்களும் ஒரே எழுத்தில் தொடங்கும், பழமொழி மாதிரி. 1912இல் பட்டம் வாங்கியபோது, உழைப்பாளிகளிலேயே பெரிய உழைப்பாளி இவள்தான் என்று அதே கல்லூரியில் பாராட்டினார்கள் என்றும் சொல்வார்கள். இந்தக் கதைகளில் எவ்வளவு நிஜம், எவ்வளவு பின்னால் சேர்ந்தது என்று நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன். பட்டம் நிஜம்.

விழாவில் பேசிய ஓர் இளைஞர், உலகின் முதல் பெண் பொறியாளர் எலிசாதான் என்றார். கூட்டம் கை தட்டியது. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். அயர்லாந்தின் கால்வே நகரில் ஆலிஸ் பெர்ரி என்ற பெண் 1906இலேயே பொறியியல் பட்டம் வாங்கியிருக்கிறார். ஆகவே முதல்வர்களில் ஒருவர் என்று சொன்னால் சரியாக இருக்கும். அதனால் எலிசாவின் பெருமை ஒரு குண்டுமணி கூடக் குறைந்துவிடவில்லை.

என்னைத் தொட்டது வேறு விஷயம். பட்டம் வாங்கியவர் ஜெர்மனியில் தங்கிவிடவில்லை, தன்னைச் சேர்க்க மாட்டேன் என்று சொன்ன ஊருக்கே திரும்பிப் போனார். புக்கரெஸ்டில் நிலவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை. முதல் உலகப் போர் வந்தது. 1917இல் மரஷெஷ்டி என்ற இடத்தில் ருமேனியப் படைகள் ஜெர்மானியரை எதிர்த்துக் கடும் போர் நடத்தின. எலிசா செஞ்சிலுவைச் சங்கத்தில் சேர்ந்து, அந்தப் பகுதியில் காயம்பட்டவர்களுக்கான மருத்துவமனையை நடத்தினார். போர் முடிந்ததும் மறுபடி ஆய்வுக்கூடம். நிலக்கரி, பாக்சைட், குரோமியம், இயற்கை வாயு என்று நாட்டின் கனிம வளத்தை மாதிரி மாதிரியாகப் பகுத்துப் பார்க்கும் வேலை. இடையில் கல்யாணம், இரண்டு பெண் குழந்தைகள், பெண்கள் பள்ளியில் இயற்பியலும் வேதியியலும் கற்பித்தது எல்லாம் உண்டு. பணி ஓய்வு பெற்றது 1963இல், 75ஆம் வயதில். நான் 58இல் ஓய்வு பெற்றுவிட்டு அலுத்துக்கொள்கிறவன்! 1973இல் காலமானார். புக்கரெஸ்டில் ஒரு தெருவுக்கு அவர் பெயர் வைக்க 1993 வரை ஆயிற்று.

மற்ற படங்களையும் பார்த்துக்கொண்டே போனேன். சர்மிசா பில்செஸ்கு, பாரிஸ் பல்கலைக்கழகத்தில் சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண், ஆண்டு 1890. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள், சட்டத்தில் தாய்க்கு என்ன இடம் என்பது. ஷ்டெஃபானியா மரச்சினியானு, பாரிஸில் மேரி கியூரியின் நிறுவனத்தில் வேலை செய்து 1924இல் டாக்டர் பட்டம் வாங்கிய விஞ்ஞானி. செயற்கைக் கதிரியக்கத்தைத் தான் முன்பே கண்டதாக அவர் சொன்னார். 1935இல் அதற்கான நோபல் பரிசு கியூரியின் மகளுக்கும் மருமகனுக்கும் போயிற்று. அவர் சொன்னது எவ்வளவு சரி என்பதில் இன்னும் வாதம் உண்டு. ஸ்மரண்டா பிரயெஸ்கு, 1932இல் அமெரிக்காவின் சாக்ரமெண்டோவில் ஏறத்தாழ 7,200 மீட்டர் உயரத்திலிருந்து பாராசூட்டில் குதித்து உலக சாதனை படைத்தவர். 1946 தேர்தல் மோசடியைக் கண்டித்துக் கையெழுத்திட்டதால் தண்டனை விதிக்கப்பட்டு, தலைமறைவாக இருந்தபடியே 1948இல் இறந்துபோனார்.

கடைசிப் படத்தை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. நாடியா கொமனேச்சி. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் 14 வயதுச் சிறுமி பத்துக்குப் பத்து வாங்க, அந்த எண்ணைக் காட்ட வசதி இல்லாமல் பலகை 1.00 என்று காட்டிய கதையைப் பேப்பரில் படித்து வியந்த தலைமுறை நாங்கள். அதே நாடியா 1989 நவம்பரில் இரவோடு இரவாக, நடந்தே எல்லையைத் தாண்டி ஹங்கேரிக்குள் ஓடினார் என்பது பலருக்கு மறந்துபோயிருக்கும். அடுத்த மாதமே சௌஷெஸ்குவின் ஆட்சி கவிழ்ந்தது.

வரிசையைத் திரும்ப ஒருமுறை பார்த்தபோது ஒன்று புரிந்தது. பாரிஸ், பெர்லின், சாக்ரமெண்டோ, மாண்ட்ரியல். ஒவ்வொருவரும் பெயர் வாங்கியது வெளியூரில். சொந்த ஊரில் கதவு அடைத்திருந்ததால் போனவர்கள் உண்டு, திறந்திருந்தும் மூச்சு முட்டியதால் போனவர்கள் உண்டு. பிழைக்க வந்த இடத்தில் கூடியிருக்கும் ஜனங்கள், போன பெண்களின் படத்தைத்தான் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். அவர்களுக்கு அது தெரிந்துதான் இருக்கும்.

சாப்பாட்டுக்குப் பிறகு பையன்கள் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பூ கொடுத்துக்கொண்டு வந்தார்கள். எங்கள் மேஜையில் இருந்த ஒரு பாட்டி வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டார். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். பையன் சங்கடப்பட்டு நகர்ந்தான். கீழ்வீட்டு அம்மா பாட்டியிடம் பேசிவிட்டு, மகளிடம் ஜெர்மனில் சொல்ல, மகள் எங்களுக்குச் சொன்னாள்.

சௌஷெஸ்கு காலத்தில் மார்ச் 8 பெரிய திருவிழாவாம். ஊர்வலம், பேச்சு, பூங்கொத்து. ஆனால் அதே ஆட்சிதான் 1966இல், மக்கள் தொகையைப் பெருக்க வேண்டும் என்று, கருக்கலைப்பைத் தடை செய்து 770ஆம் எண் ஆணையைக் கொண்டுவந்தது. கருத்தடைச் சாதனங்களும் கிடைக்காது. 23 வருஷம் அந்த ஆணை அமலில் இருந்தது. திருட்டுத்தனமாகக் கலைக்கப் போய் ஆயிரக்கணக்கான பெண்கள் செத்தார்கள். பாட்டியின் அக்காவும் அப்படித்தான் போனாராம், மூன்று குழந்தைகளை விட்டுவிட்டு. "அன்றைக்கும் தொழிற்சாலையில் எங்களுக்குப் பூ கொடுத்தார்கள்" என்றாராம் பாட்டி. அதற்கு மேல் அவர் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கூட்டம் முடிந்து திரும்பி வரும்போது ரயிலில் கீழ்வீட்டு அம்மா தன் கதையைச் சொன்னார். ருமேனியா ஐரோப்பிய யூனியனில் சேர்ந்தது 2007 ஜனவரி 1. அடுத்த வருஷமே இவர் இத்தாலிக்குப் போனார். ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை, அந்த வீட்டிலேயே தங்க வேண்டும். தன் ஆறு வயது மகனை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனார். இத்தாலியில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ருமேனியர்கள் இருக்கிறார்கள், அவர்களில் இப்படிப்பட்ட பெண்கள் ஏராளம். இரவு பகலாக அடுத்தவர் வீட்டு முதியவரோடு அடைந்து கிடந்து, பிள்ளையைப் பிரிந்த ஏக்கத்தில் மனம் உடைந்து ஊர் திரும்புகிற பெண்களின் நோய்க்கு அங்கே 'இத்தாலி நோய்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். "என் பையனின் முதல் பல் விழுந்ததை போனில்தான் கேட்டேன்" என்றார். மகன் இப்போது புக்கரெஸ்டில் இன்ஜினியரிங் படிக்கிறானாம். எலிசாவைச் சேர்த்துக்கொள்ளாத அந்தப் பள்ளியின் வழிவந்த பல்கலைக்கழகத்தில்தான். அவனோடு படிப்பவர்களில் பெண்கள் நிறையப் பேர் என்று சொல்லிச் சிரித்தார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நண்பர்களே, இந்தப் பகுதியை எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். நான் சர்வீஸில் இருந்தபோது எங்கள் பிரிவுக்கு ஒரு பெண் உதவிப் பொறியாளர் வந்தார். அணைக்கட்டு சைட்டுக்குப் போக வேண்டும் என்று அவரே கேட்டார். காட்டுப் பகுதி, தங்க வசதி இல்லை, பெண்ணுக்குச் சரிப்படாது என்று ஒரு குறிப்பு எழுதி, அவரை ஆபீஸிலேயே வரைபடப் பிரிவில் போட்டுவிட்டார்கள். அந்தக் குறிப்பில் என் கையெழுத்தும் இருந்தது. அவர் நல்லதற்குத்தான் செய்கிறோம் என்று அன்று மனப்பூர்வமாக நம்பினேன். எலிசாவை வேண்டாம் என்று சொன்னவர்களும் அப்படித்தான் நம்பியிருப்பார்கள்.

மறுநாள் மகளிடம் வழி கேட்டுக்கொண்டு தனியாக சார்லோட்டன்பர்க் போனேன். எலிசா படித்த கல்லூரி இப்போது பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து முன்பக்கக் கட்டடம் போய்விட்டது, இப்போது இருப்பது அறுபதுகளில் கட்டியது. பின்பக்கம் சுற்றிப் போனால் பழைய கட்டடம் மிச்சம் இருக்கிறது. வகுப்பு முடிந்து பிள்ளைகள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள், ஆணும் பெண்ணுமாக. கிழவன் எதற்கு இங்கே நிற்கிறான் என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அந்தப் பெண் உதவிப் பொறியாளரும் இப்போது ஓய்வு பெற்றிருப்பார். ஊருக்குத் திரும்பியதும் பழைய நண்பர்களிடம் விசாரித்து அவருடைய நம்பரை வாங்கி வைத்தேன். வாங்கி வருஷங்கள் ஆகிவிட்டன. இன்னும் பேசவில்லை. இந்தப் பதிவை எழுதி முடித்ததும் பேச வேண்டும்.