போரில் பாதம் அடிபட்ட முன்னாள் படைவீரர்கள்: 'ஆர்த்தோசிஸ்' யாருக்குத் தேவை, எங்கே கிடைக்கும்? முழு விவரம்

போரில் காலை இழந்தவருக்குச் செயற்கைக் கால் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கால் இருந்தும் பாதம் சொன்ன பேச்சு கேட்காமல் தவிப்பவர்களுக்கு என்ன வழி? கணுக்கால் மடங்காது, குதிகாலை ஊன்ற முடியாது, நடக்கும்போது பாதம் தொங்கித் தரையில் இடறும். இவர்களுக்காக இருப்பதுதான் 'ஆர்த்தோசிஸ்'. கடலூர் மாவட்டம் பெண்ணாடம் போன்ற ஊரில் இருக்கும் ஒரு முன்னாள் படைவீரர் இதைப் பெற என்ன செய்ய வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

ஆர்த்தோசிஸ்னா என்ன?

இல்லாத உறுப்புக்குப் பதிலாகப் பொருத்துவது செயற்கை உறுப்பு. இருக்கும் உறுப்பை வெளியிலிருந்து தாங்கிப் பிடிப்பது ஆர்த்தோசிஸ். செருப்புக்குள் வைக்கும் மெத்தை போன்ற இன்சோலில் தொடங்கி, முழங்காலுக்குக் கீழே வரை வரும் பிளாஸ்டிக் தாங்கி வரை எல்லாமே இந்த வகைதான்.

கணுக்காலையும் பாதத்தையும் சேர்த்துத் தாங்கும் சாதனத்தை மருத்துவமனைகளில் 'ஏ.எஃப்.ஓ' என்பார்கள். பேச்சு வழக்கில் இதற்கு 'ஸ்ப்ளின்ட்', 'காலிபர்' என்றும் பெயர் உண்டு.

போரில் பாதத்துக்கு என்ன ஆகிறது?

முதல் எதிரி கண்ணிவெடி. காலால் மிதித்தால் வெடிக்கும் வகை என்பதால் முழு வேகமும் குதிகாலிலும் கணுக்காலிலும்தான் இறங்கும். கால் போகாமல் தப்பித்தாலும் குதிகால் எலும்பு பல துண்டுகளாக நொறுங்கிவிடலாம். 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப்படை கண்ணிவெடிகளைச் சந்தித்தது. 1999 கார்கில் போரில் குண்டு, பீரங்கிச் சிதறல், கண்ணிவெடி மூன்றும் இருந்தன.

இரண்டாவது குளிர். 1984-இல் இருந்து ராணுவம் காவல் காக்கும் சியாச்சினில் பனிக்கடியால் விரல்களை இழந்தவர்கள் உண்டு. கட்டை விரல் இல்லாவிட்டால் அடியெடுத்து வைக்கும்போது உந்தித் தள்ளும் விசையே குறைந்துவிடும்.

மூன்றாவது நரம்புக் காயம். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கமாக ஒரு நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. பாதத்தை மேலே தூக்குவது அதன் வேலை. ஒரு சிறு சிதறல் அதை அறுத்தால் போதும், பாதம் தொங்கிவிடும்.

எந்தக் காயத்துக்கு எந்தச் சாதனம்?

• பாதம் தொங்குதல்: கெண்டைக்காலின் பின்பக்கமாக இறங்கி உள்ளங்காலுக்குக் கீழே வரும் மெல்லிய பிளாஸ்டிக் ஏ.எஃப்.ஓ. காலைத் தூக்கும்போது விரல்கள் கீழே விழாமல் இது பிடித்துக்கொள்ளும்.

• கணுக்கால் மூட்டுத் தேய்வு, அசைந்தாலே வலி: மூட்டை அசையவிடாத கெட்டியான ஏ.எஃப்.ஓ. கூடவே, படகின் அடிப்பகுதி போல வளைந்த சோல் உள்ள ஷூ. மூட்டு செய்ய வேண்டிய உருட்டலை ஷூ செய்துவிடும்.

• நொறுங்கிய குதிகால்: முழங்கால் சிப்பிக்குக் கீழே உள்ள பகுதியில் எடையைத் தாங்கி, குதிகாலுக்குப் போகும் சுமையைக் குறைக்கும் வகை.

• விரல்கள் அல்லது முன்பாதம் இழந்தவர்கள்: காலி இடத்தை நிரப்பும் இன்சோலும், மடங்காத கெட்டி சோலும்.

• ஒரு கால் குட்டையானவர்கள்: சோலின் உயரத்தைக் கூட்டுதல்.

எது யாருக்கு என்பதை மருத்துவரும், ஆர்த்தோடிஸ்ட் எனப்படும் நிபுணரும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். இந்த நிபுணர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேட்கலாம். தப்பில்லை.

எப்படித் தயாரிக்கிறார்கள்?

காலில் பிளாஸ்டர் சுற்றி அச்சு எடுப்பார்கள். அந்த அச்சில் பிளாஸ்டர் கரைசலை ஊற்றினால் காலின் உருவம் கிடைக்கும். எலும்பு புடைத்த இடங்களில் அழுத்தம் வராதபடி அந்த உருவத்தைச் சரிசெய்து, அதன் மேல் சூடாக்கிய பாலிபுரொப்பிலீன் தகட்டைப் போர்த்துவார்கள். ஆறியதும் வெட்டி, ஓரத்தை மழுக்கி, பட்டை போடுவார்கள்.

முக்கியமான விஷயம்: முதல் நாள் போட்டுப் பார்த்ததோடு வேலை முடியாது. சில நாள் நடந்த பிறகு எங்கே உரசுகிறது என்று பார்த்துத் திருத்த வேண்டும். பலர் இந்த இரண்டாவது வருகைக்குப் போவதில்லை. விளைவு, சாதனம் பரணில் தூங்கும், கால் பழையபடி இழுக்கும்.

வேலூர் சொல்லிக் கொடுத்த பாடம்

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-இல் வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதம் ஏன் புண்ணாகிறது என்று ஆராய்ந்தார். சதை தானாக அழுகவில்லை. வலி தெரியாததால் அடிபட்ட காலிலேயே திரும்பத் திரும்ப நடக்கிறார்கள், அதுதான் காரணம் என்று காட்டினார். அழுத்தத்தைப் பரவலாக்கும் நுண்துளை ரப்பர் செருப்புகள் அந்தப் பணியிலிருந்து பரவலானவை. 'எம்.சி.ஆர் செருப்பு' என்று இன்று சர்க்கரை நோயாளிகள் வாங்குவதும் அதுதான்.

போர்க் காயத்தில் நரம்பு போனவருக்கும் இதே ஆபத்துதான். 1971 போரில் இருந்தவர்களுக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல். பழைய காயத்தோடு சர்க்கரையும் சேர்ந்தால் ஆபத்து இரட்டிப்பாகும். அன்று காப்பாற்றிய காலை இன்று ஒரு சின்னக் கொப்புளத்தால் இழக்கும் நிலை வரலாம்.

புனே முதல் அமெரிக்கா வரை

ராணுவத்தின் செயற்கை உறுப்பு மையம் புனேயில் 1944-இல் தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் காயமடைந்தவர்களுக்காக வந்த இந்த மையம் செயற்கைக் கால்களோடு ஆர்த்தோசிஸ் சாதனங்களையும் செய்து பொருத்துகிறது. கான்பூரில் உள்ள மத்திய அரசின் 'அலிம்கோ' நிறுவனமும் 1976 முதல் உதவி உபகரணங்கள் தயாரிப்பில் இருக்கிறது.

ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களுக்குப் பிறகு அமெரிக்க ராணுவம் 'ஐடியோ' என்ற சாதனத்தை உருவாக்கியது. டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் உள்ள ராணுவ மறுவாழ்வு மையத்தில் ரயன் பிளாங்க் என்ற நிபுணர் வடிவமைத்தது இது. கார்பன் இழையால் ஆன இது மிதிக்கும்போது விசையைச் சேமித்து, காலை எடுக்கும்போது திருப்பித் தருகிறது. வலி தாங்காமல் காலை எடுத்துவிடலாம் என்று நினைத்த வீரர்கள் சிலர் இதை அணிந்த பிறகு மனதை மாற்றிக்கொண்டனர். ஆனால் சாதனத்தோடு தீவிர நடைப் பயிற்சியும் சேர்ந்தபோதுதான் நல்ல பலன் கிடைத்தது.

பெண்ணாடத்தில் இருப்பவர் எங்கே போவது?

விருத்தாசலத்துக்கும் அரியலூருக்கும் இடையே உள்ள ஊர் பெண்ணாடம். நிபுணர் தேவையென்றால் வெளியூர்தான் போக வேண்டும். அதனால் அலைச்சல் குறைய வரிசை தெரிந்திருப்பது நல்லது.

1. கடலூரில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். தகுதி, உதவித் திட்டங்கள், எந்தப் பாலிகிளினிக் என்ற விவரங்களை இங்கே கேட்கலாம்.

2. இசிஹெச்எஸ் பாலிகிளினிக். 2003 ஏப்ரலில் தொடங்கிய முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் இது. இங்குள்ள மருத்துவர் பரிந்துரைத்து, எலும்பு அல்லது மறுவாழ்வு மருத்துவ நிபுணர் எழுதிக் கொடுத்தால், நிர்ணயித்த விலை வரம்புக்குள் சாதனத்துக்கான செலவைத் திட்டம் ஏற்கும். வாங்கிவிட்டு அனுமதி கேட்காதீர்கள். முதலில் அனுமதி, பிறகு வாங்குவது.

3. அரசு மருத்துவமனைகள். சிதம்பரத்தில் அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரிலும், சென்னை கே.கே.நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்திலும் மறுவாழ்வு சிகிச்சை உண்டு.

கையில் இருக்க வேண்டியவை: டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆணை, இசிஹெச்எஸ் கார்டு, மெடிக்கல் போர்டு பேப்பர், பழைய எக்ஸ்ரே. தினமும் போடும் செருப்பையும் எடுத்துப் போங்கள். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதே நிபுணருக்குப் பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

நம்ம ஊர் வீட்டுக்குள் எப்படிச் சமாளிப்பது?

ஏ.எஃப்.ஓ பெரும்பாலும் ஷூவோடு சேர்ந்துதான் சரியாக வேலை செய்யும். நம் வீடுகளிலோ செருப்பு வாசலோடு சரி. வெறும் பிளாஸ்டிக் மட்டும் டைல்ஸ் தரையில் பட்டால் வழுக்கும். வீட்டுக்குள் மட்டும் போட என்று தனியாக ஒரு மூடிய காலணி வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. அடியில் வழுக்காத ரப்பர் ஒட்டித் தரச் சொல்லியும் கேட்கலாம்.

ஹவாய் செருப்புக்குள் இது நிற்காது. பின்பட்டை உள்ள சாண்டல் அல்லது ஷூ வேண்டும், அளவும் சற்றுப் பெரிதாக வேண்டும். குதிகால் உயரம் வேறாக உள்ள ஷூவுக்கு மாறினால் முழங்கால் பாதிக்கப்படும். கேட்காமல் மாற்றக் கூடாது.

கெட்டியான ஏ.எஃப்.ஓ போட்டுக்கொண்டு குந்தி உட்கார முடியாது. இந்திய முறைக் கழிப்பறை உள்ள வீட்டில் கைப்பிடியோ, மேலே வைக்கும் நாற்காலியோ தேவைப்படும். கரும்பு, நெல் வயலில் இறங்குபவர் சேறும் ஈரமும் பட்டால் உடனே கழற்றித் துடைத்து, காலையும் உலர்த்த வேண்டும். கழுவிய சாதனத்தை அடுப்போரமோ கொளுத்தும் வெயிலிலோ வைத்தால் வடிவம் கெடலாம். கோயிலில் வெறுங்காலோடு சுற்ற வேண்டும் என்றால், சுடாத நேரமாகப் பார்த்துப் போய், வந்ததும் உள்ளங்காலைப் பார்த்துவிடுங்கள்.

எப்போது உஷாராக வேண்டும்?

புதிய சாதனத்தை முதல் நாளே முழு நேரமும் போடக் கூடாது. ஒரு மணி நேரத்தில் தொடங்கி மெல்லக் கூட்ட வேண்டும். பருத்தி சாக்ஸ் அவசியம். கழற்றியதும் தோலைப் பாருங்கள். சிவப்பு அரை மணி நேரத்தில் மறைந்தால் பயமில்லை. மறையவில்லை என்றால் அங்கே அழுத்தம் அதிகம். சாதனத்தைத் திருத்தும் வரை போட வேண்டாம்.

கொப்புளம், நீர் வடிதல், கெட்ட வாடை, ஒரு கால் மட்டும் சூடாக இருப்பது, காய்ச்சல் ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். 'வலிக்கவே இல்லையே' என்று விடுவதுதான் பெரிய தப்பு. நரம்பு போன காலில் வலி வராது.

குனிந்து உள்ளங்காலைப் பார்க்க முடியாத பெரியவர்களுக்கு வீட்டில் ஒருவர் தினமும் ராத்திரி பார்த்துச் சொல்லலாம். ஆள் இல்லையென்றால் தரையில் ஒரு கண்ணாடி வைத்தால் போதும். பட்டை தளர்ந்தாலோ, பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்தாலோ, கால் வீங்கி அல்லது மெலிந்து அளவு மாறினாலோ புதிதாக அளவெடுக்கக் கேட்கலாம். 'பத்து வருஷமா இதைத்தான் போடுறேன்' என்று பெருமைப்பட இதில் ஒன்றுமில்லை.