தாளிச்சா: சுரைக்காயும் பருப்பும் சொல்லும் வரலாறு



ஆம்பூர் என்றதும் வெளியூரார் பிரியாணியைத்தான் நினைக்கின்றனர். ஆனால் ஜோலார்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, வேலூர் என நீளும் இத்தோல் தொழில் வட்டாரத்து முஸ்லிம் இல்லங்களில் பிரியாணி விருந்து நாளின் உணவு. பருப்பும் காயும் சிறிது எலும்பும் சேர்ந்த தாளிச்சாவோ, விருந்திலும் இடம்பெறும். சாதாரண நாளிலும் சோற்றுக்குத் துணையாகும். நம் அன்றாட வாழ்வின் வரலாறு அந்தச் சட்டியில்தான் உள்ளது.

நபி (ஸல்) அவர்களைத் தையற்காரர் ஒருவர் விருந்துக்கு அழைத்தார். அனஸ் (ரலி) அவர்களும் உடன் சென்றார்கள். வாற்கோதுமை ரொட்டியும், சுரைக்காயும் உப்புக்கண்டமும் இட்ட குழம்பும் வைக்கப்பட்டன. தட்டின் ஓரங்களில் நபியவர்கள் சுரைக்காயைத் தேடி உண்பதைக் கண்ட அனஸ் (ரலி) அவர்கள், அன்று முதல் தாமும் அதை விரும்பலானார்கள். ஸஹீஹுல் புகாரியில் இச்செய்தி உள்ளது.

மதீனாவின் அக்குழம்பே நம் தாளிச்சாவாயிற்று என்று கூற இயலாது. இதன் பெயர் தக்காணத்து உருதுவிலிருந்து வந்தது. ‘தால்’ என்றால் பருப்பு. உருது பேசும் வீடுகளில் ‘தால்சா’ எனப்படுவது, தமிழ் பேசும் வீடுகளில் ‘தாளிச்சா’ ஆயிற்று. 18ஆம் நூற்றாண்டில் இவ்வட்டாரம் ஆற்காடு நவாபுகளின் ஆட்சியில் இருந்தது. நவாப் அன்வருத்தீன் கான் 1749இல் ஆம்பூர்ப் போரில்தான் கொல்லப்பட்டார். அரசுகள் மறைந்தன, தக்காணத்துச் சமையல் பாலாற்றங்கரையில் தங்கிவிட்டது. இங்குள்ள புளி, கத்தரிக்காய், முருங்கைக்காய் ஆகியவை அதனோடு சேர்ந்தன. அமெரிக்கக் கண்டத்து மிளகாயைப் போர்ச்சுக்கீசியர் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது 16ஆம் நூற்றாண்டில். அதற்கு முன் நம் உணவின் காரம் மிளகே.

இவ்வுணவில் வீண்விரயத்திற்கு இடமில்லை. குர்பானியின் தோலை மதரஸாக்களுக்கு வழங்குவர். இறைச்சியை உறவினருக்கும் ஏழைகளுக்கும் பங்கிடுவர். மீதியை மஞ்சளும் உப்பும் தடவி வெயிலில் உலர்த்தி உப்புக்கண்டமாக்குவர். எலும்பு தாளிச்சாவுக்கு. கால் கிலோ எலும்பு ஒரு குடும்பத்தையே நிறைவாக உண்ணச் செய்யும்.

ஐவருக்குச் செய்யும் முறை இது. கடலைப்பருப்பு 150 கிராம், துவரம்பருப்பு 50 கிராம் இரண்டையும் மஞ்சள்தூளிட்டுக் குழைய வேகவைத்து மசித்துக்கொள்க. வேறு பாத்திரத்தில் பட்டை, கிராம்பு தாளித்து, வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, தக்காளி, புதினா, மிளகாய்த்தூள் சேர்த்து வதக்கி, எலும்பையும் உப்பையும் இட்டு வேகவிடுக. எலும்பு வெந்தபின் கால் கிலோ சுரைக்காயும் இரண்டு கத்தரிக்காயும் சேர்க்க. காய் வெந்ததும் பருப்பையும், நெல்லிக்காய் அளவுப் புளியின் கரைசலையும் ஊற்றிக் கொதிக்கவிட்டு, கொத்தமல்லி தூவி இறக்குக.

கோடையில் புளிக்குப் பதில் மாங்காய். எலும்பு இல்லாத நாளில் முருங்கைக்காய். உப்புக்கண்டம் இருந்தால் அதுவே போதும். ஒரே முறை, ஒவ்வொரு நாளும் வேறு சுவை. கையில் உள்ளதைக் கொண்டு சலிப்பின்றி உண்ணச் செய்த நம் மூதாட்டியரின் அறிவு இது.

இன்று வாரந்தோறும் பிரியாணிப் பொட்டலம் வீட்டுக்கு வருகிறது. அதனுடன் சிறு உறையில் வருவதே தாளிச்சா என்று நம் பிள்ளைகள் எண்ணுகின்றனர். இழப்பு சுவையில் மட்டுமன்று. குழம்பு சமைத்தால் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாருக்கும் கொடுக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். எண்ணி வாங்கிய பொட்டலத்தில் தண்ணீரைக் கூட்ட முடியாது. தாளிச்சாச் சட்டியில் முடியும்.

ஆகவே, இவ்வாரம் ஒருநாள் பிள்ளைகளை அருகில் நிறுத்தித் தாளிச்சா சமையுங்கள். ஒரு கிண்ணம் அடுத்த வீட்டுக்கும் செல்லட்டும்; அவ்வீட்டார் எம்மதத்தவராயினும் சரியே, காய் மட்டும் உண்பவர்க்கு எலும்பில்லாமல். வல்ல அல்லாஹ் நம் உணவில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.